அத்தை நிறுத்திய இடம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. கிடைப்பதற்குள் நாற்று முற்றிவிடுமோ என்று பயம். ஒருவழியாகப் புதன்கிழமை முடித்தோம்.

அம்மாவின் கதையை எழுதுவதா, குரலைப் பதிவு செய்வதா, பேரன் சொல்கிறபடி வீடியோ எடுப்பதா என்று கேட்டிருக்கிறாய். இந்த யோசனையோடுதான் ஞாயிறன்று தாராசுரம் கோயிலுக்குப் போனேன். விமானத்தின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் வரிசையாக இருக்கின்றனவே, ஒரு முழம்கூட உயரமில்லாத சிற்பங்கள், அவற்றைப் பார்க்க. அந்தக் கதைகளைச் சேக்கிழார் பெரியபுராணமாகப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். கோயிலைக் கட்டியது அவன் மகன் இரண்டாம் ராஜராஜன். புராணம் அவ்வளவு சீக்கிரம் கல்லில் ஏறிவிட்டது. சுந்தரர் பாட, அவிநாசி முதலை தான் விழுங்கிய பிள்ளையைக் கக்கும் சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பிள்ளை முதலை வயிற்றிலிருந்த வருஷங்களையும் சேர்த்து வளர்ந்து வந்தான் என்று பாட்டில் சொல்லிவிடலாம். கல்லில் அந்த வருஷங்களை எங்கே செதுக்குவது? முதலையின் வாயும் பிள்ளையும்தான் மிச்சம்.

நந்தனார் கதைக்கு நேர்ந்தது வேறு. தில்லைக்குப் போகவிடாமல் தடுக்கும் வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனைக்காகச் சேர்த்தவர் அவர். விடிய விடியக் கதை கேட்கிற கூட்டத்துக்கு ஓர் எதிராளி வேண்டாமா? 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த படமும் அந்த வேதியரை விடவில்லை. இன்று வேதியர் இல்லாத நந்தனாரைச் சொன்னால் நம் தெருவில் ஒருவரும் ஒப்பமாட்டார்கள்!

இனி என் அனுபவம். சென்ற வருஷம் அத்தையிடம் 1952 புயலைப் பற்றிக் கேட்டுச் செல்போனில் பதிவு செய்தேன். கூரை பறந்ததைச் சொன்னவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பதிவில் கொல்லைக் கன்றுக்குட்டி கத்துவது மட்டும் கேட்கிறது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு, "மாடுகளை அவிழ்த்துவிட ஒருவருக்கும் தோன்றவில்லை" என்றாள். இதை எழுதும்போது, "சிறிது மௌனத்துக்குப் பின்" என்று போட்டேன். படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டேன். வேறு வார்த்தையும் அகப்படவில்லை.

அடுத்த மாதம் தம்பி மகன் வீடியோ கேமராவோடு வந்தான். அத்தை உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, புயலைப் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். கூரை பறந்தது; தாத்தா எல்லோரையும் காப்பாற்றினார். மாடுகள் வரவே இல்லை.

அதனால் முதலில் குரல் மட்டும் போதும். செல்போனை அம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கீரை ஆயும்போது பேச்சுக் கொடு. அம்மா நிறுத்தினால் நீ குறுக்கே பேசாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மின்விசிறியை மறக்காமல் நிறுத்திவிடு. என் பதிவில் பாதியை அது தின்றுவிட்டது.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா?

அன்புடன்,
வைத்தி