தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு போடுங்கள்

மலேசியா, ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இதன் மலாய்ப் பிரதியைத் தனியே அனுப்பிவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து இப்போது தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) சிதறிக் கிடக்கும் எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் கேட்பது சின்ன வேலை. எந்த வருட வெள்ளம் எங்கே எவ்வளவு உயரம் நின்றது என்று எங்கள் பட்டணத்துச் சுவர்களிலும் விளக்குக் கம்பங்களிலும் சாயத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வருடத்தை எழுதி வையுங்கள்.

எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு சுவர் இருந்தது. ரப்பர் பால் ஸ்டோரின் பின்பக்கம், தாரில் போட்ட மூன்று கோடுகள். மேலே இருந்தது என் தாத்தா காலத்தது என்பார்கள். ஆபீசுக்கு முன்னால் மழைமானியும் இருந்தது. பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) காலையில் அதை அளந்து தடித்த புத்தகத்தில் எழுதுவார். ஆற்றுக்குப் பயந்து வைத்த கணக்கு அல்ல அது. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, மரத்தில் கட்டிய மங்கில் விழுந்த பாலும் தண்ணீராகிவிடும், அதனால் நிர்வாகத்துக்கு மழைக்கணக்கு வேண்டியிருந்தது. காரணம் எதுவானாலும் கணக்கு இருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது ஸ்டோரை இடித்தார்கள், தோட்டமும் கை மாறியது. அந்தப் புத்தகங்கள் என்ன ஆயின என்று அப்போது நாங்கள் யாரும் கேட்கவில்லை. அலமாரியில் இன்னும் மழைப் புத்தகம் வைத்திருக்கும் தோட்டங்கள் உங்கள் மாவட்டத்தில் இருக்கலாம். கரையான் முந்துவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேறியவர்கள் கையிலிருந்த காசுக்கு ஏற்ற இடத்தில் வீடு வாங்கினோம். விற்றவர் (பெயர் வேண்டாம்) "இங்கே தண்ணீர் ஏறியதே இல்லை" என்றார். 2006 டிசம்பர் 19 இரவு ஜன்னல் வரை ஏறியது. நிவாரண மையத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னார்: "ஏழாம் நம்பர் பள்ளக்காடுதானேடா அது? மழைக்காலத்துல பால் லோரி புதையுமே, அந்த இடம்." பழைய தோட்டத்தின் பள்ளமான பகுதியில்தான் எங்கள் வீடு நிற்கிறது. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். "யார் என்னைக் கேட்டா?" என்றார். நானும்தான் கேட்கவில்லை.

மலாக்காவைப் போர்த்துகீசியரிடம் பறிகொடுத்து ஓடிவந்த பெண்டஹாரா (சுல்தானின் தலைமை அமைச்சர்) இந்த ஆற்றில் நீர் குடித்துவிட்டு "செகார் அமாட்", எவ்வளவு குளுமை, என்றாராம். அதிலிருந்துதான் சிகாமட் என்ற பெயர் வந்தது என்று கதை. அந்த வாரம் வந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாரோ.

வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில், பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, இரண்டாவது வெள்ளம். இரண்டிலுமாக ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2011 ஜனவரி கடைசியில், சீனப் புத்தாண்டு நெருங்கும் நேரத்தில், மறுபடியும் சிகாமட் தண்ணீரில். பிறகு 2023. அது மார்ச் மாதம். பருவமழை ஓய்ந்தது என்று மேலே ஏற்றி வைத்த சாமான்களை இறக்கிவிட்டோம். ஏமாந்தது அங்கேதான்.

இந்த நாட்டில் ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் ஓர் அமைப்போ ஆணையோ வந்திருக்கிறது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியதும் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். அந்த வருடமே நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. 1993-இல் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் மாண்ட பிறகு, 1997-இல் பேரிடர் நிர்வாகம் பற்றிய தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் ஆணை வந்தது. உங்கள் குழு பல வருடம் இயங்கியதும் அந்த ஆணையின்படிதான். 2014 கிழக்குக் கரை வெள்ளத்துக்கு மறுவருடம் நட்மா, அதாவது தேசியப் பேரிடர் நிர்வாக முகமை, பிறந்தது. எல்லாம் வேண்டியவையே. ஆனால் அவற்றின் தகவல் என் வாசற்படிக்கு வந்து சேரும்போது வெறும் எண்ணாகிவிடுகிறது. ஆறு இத்தனை மீட்டர், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கைப்பேசியில் வருகிறது. அந்த மீட்டர் என் முழங்காலா, கழுத்தா? எதிர்க் கம்பத்தில் 2006, 2011, 2023 என்று கோடுகள் இருந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்றைய ஆற்று மட்டம் எழுதியிருந்தால், கைப்பேசியையும் கம்பத்தையும் பார்த்துவிட்டு எதை மேலே தூக்குவது, எப்போது கிளம்புவது என்று நானே முடிவு செய்வேன்.

இன்னொரு கூட்டத்தையும் நினையுங்கள். எங்கள் பழைய லயங்களில் இப்போது இருப்பவர்கள் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியக்காரர்களும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஏறும், எந்தப் பாலம் முதலில் முங்கும் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே பழைய ஆள் ஒருவரும் இல்லை. அறிவிப்புப் பலகையை எத்தனை மொழியில் எழுதுவீர்கள்? தலைக்கு மேலே ஒரு கோட்டையும் வருடத்தையும் பார்த்தால் எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

எதிர்ப்பு வரும். என் வீட்டு வாசல் தூணில் 2006, 2023 இரண்டையும் நானே கோடு போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அண்ணே, அழிச்சிடுங்க, வீட்டு விலை விழுந்திடும்" என்றார். அவர் கவலை புரிகிறது. அவருக்கு இருக்கும் ஒரே சொத்து அதுதான். ஆனால் நான் வாங்கியபோது அந்தத் தூணில் ஒரு கோடு இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன், அல்லது தரையை மூன்று அடி உயர்த்திக் கட்டியிருப்பேன். அதனால் அழிக்கவில்லை. இதைத் தனி ஆள் செய்தால் அண்டை வீட்டுச் சண்டை. நீங்கள் தெரு முழுக்கச் செய்தால் யாரும் யாரையும் கோபிக்க முடியாது.

எல்லா ஆபத்துக்கும் கோடு உதவாது என்பது தெரியும். 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு அவசரநிலை அறிவித்தார்கள். புகைக்கு எங்கே கோடு போடுவது? 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தபோது, பக்கத்தில் ஏதோ லோரி போகிறது என்று திரும்பிப் படுத்தவன் நான். அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும், அது நிபுணர்கள் வேலை. தண்ணீர் மட்டும் வந்த வழியிலேயே திரும்பி வருகிறது.

நவம்பர் மழைக்கு முன்னால் ஓர் அளவையாளரை அனுப்புங்கள். 2006-இல் எந்தப் படி வரை ஏறியது என்று கை வைத்துக் காட்டக்கூடியவர்கள், கோயில் பூசாரி, பழைய தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்), ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் என்று எங்கள் தாமானில் பதினொரு பேர் இருக்கிறார்கள். பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வயது 84. பள்ளக்காட்டின் எல்லையை அவர்தான் காட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு முன் வந்தால் நல்லது, அதன் பிறகு வெயில் தாங்கமாட்டார்.

இப்படிக்கு,
ஏழாம் நம்பர் பள்ளக்காட்டில் குடியிருப்பவன்