சீருடையைக் கழற்றிவிட்டு வாக்குக் கேட்க வந்தவர்

ஆசிரியருக்கு,

ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் நிறையப் பேர் இலங்கைப் பாராளுமன்றத்துக்குப் போனால் அங்கே ஒரு ஒழுங்கு வரும் என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 2018 நவம்பரில் எம்.பி.மார் சபைக்குள்ளேயே மிளகாய்த்தூள் வீசியதைத் தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் அந்த ஆசை வரும்தான். எனக்கு அதில் வேறொரு சங்கடம் இருக்கிறது.

2020 பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கும் அப்படி ஒருவர் வாக்குக் கேட்டு வந்தார். எந்தக் கட்சி, யார் என்பது இங்கே தேவையில்லை. நல்ல மனிதர்தான். முகக்கவசத்தோடு மூன்று மாடி ஏறி வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, “வணக்கம் அம்மா” என்றார். கூட வந்த பையன் ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்தான். அதில் நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு சீருடையில் அவருடைய படம். கீழே தமிழில் நான்கு வரி, நான்கிலும் பிழை. ‘பாதுகாப்பு’ என்பதில் ‘ப்’ என்ற எழுத்தைக் காணோம். முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவள் நான், கண் முதலில் அங்கேதான் போகும்.

பதவியில் இருக்கும் படைவீரர் தேர்தலில் நிற்க முடியாது என்று அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை சொல்கிறது. சீருடையைக் கழற்றிவிட்டு வா என்பதுதானே அதன் அர்த்தம்? இவர்கள் கழற்றிய சீருடையைக் கொண்டுபோய் போஸ்டருக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்கள் தமிழ் வீடுகளில் வாய் அடைத்துவிடும். போர்க்காலத்தில் கொழும்பின் ‘காலி வீதி’ச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டியவர்கள் நாங்கள். எந்த ஊர், எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று அவர்கள் கேட்டார்கள், நாங்கள் பதில் சொன்னோம். வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்ற பொலிஸ் பதிவுத் துண்டை இன்றைக்கும் நான் எறியவில்லை, பைலுக்குள் இருக்கிறது. 2007 ஜூன் 7 விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. இதற்கெல்லாம் அந்த வேட்பாளர்தான் பொறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேர்தல் என்றால் கேட்கும் முறை எங்களுடையது, பதில் சொல்லும் முறை அவருடையது. பதக்கப் படம் அதைத் திரும்பவும் தலைகீழாக்கிவிடுகிறது.

படைக்காரர் என்றாலே தமிழர் வாக்குப் போடமாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, நுவரெலியா மாவட்டங்களில் முன்னுக்கு வந்தவர் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. அதே வருஷம் ஏப்ரல் பாராளுமன்றத் தேர்தலில் தடுப்புக் காவலில் இருந்தபடியே கொழும்பு மாவட்டத்தில் வென்றார். 2015இல் தன் கட்சியோடு நின்றபோது ஒரு ஆசனம்கூடக் கிடைக்கவில்லை, பதக்கம் அதேதான். பிறகு சனத்தின் நேரடி வாக்கில்லாமல் கட்சி பெயர் கொடுக்கும் தேசியப் பட்டியலில்தான் உள்ளே போனார். ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல் சரத் வீரசேகரவோ 2020இல் இதே கொழும்பில் வேட்பாளரின் பெயருக்கென்றே போடும் விருப்பு வாக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் எடுத்தார். ஆக, சனம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணக்குப் போட்டுத்தான் வாக்களிக்கிறது.

சரி, எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறேன். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது, 1982இல் நிரந்தரமாகிவிட்டது. அதை நீக்க ஒரு சட்டமூலம் வந்தால் நீங்கள் கை உயர்த்துவீர்களா? அந்தப் பையன் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கட்சி என்ன முடிவு எடுக்கிறதோ அதுதான்” என்றார்.

பொய் சொல்லாமல் பதில் சொன்னாரே, அதற்கு மரியாதை. ஆனால் மேலே இருந்து வரும் சொல்லுக்குக் காத்திருப்பதுதான் அந்த வாசகர் கேட்கும் ஒழுங்கு என்றால், அது அந்தச் சபையில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிவது படைமுகாமில் தேவைதான். சட்டமூலத்தை வரிவரியாகப் படித்து, வேண்டுமானால் தன் கட்சியையே எதிர்க்கவும் வேண்டிய இடத்தில் அது எதற்கு?

அவர் இறங்கிப் போனதும் கீழ் வீட்டு அக்கா ஏறி வந்தா. “உங்களுக்கு ஏன் ரீச்சர் தேவையில்லாத வேலை? நோட்டீஸை வாங்கிக்கொண்டு சிரிச்சு அனுப்பியிருக்கலாமே” என்று ஏசினா. போர் முடிந்து பதினொரு வருஷத்துக்குப் பிறகு, அதுவும் வாக்குக் கேட்க வந்தவரிடம் கேள்வி கேட்டதற்கு.

அடுத்த தேர்தலில் இப்படி ஒருவர் நின்றால் உங்கள் நிருபர் அவரிடம் போர்க்களக் கதை கேட்க வேண்டாம். எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களிப்பார் என்று கேட்டு, பதிலை அப்படியே போடுங்கள். அவர்களுடைய தமிழ் நோட்டீஸில் பிழை திருத்த ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.