தாயைப் பார்க்காமல் குட்டி வாங்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

வேலூரில் உயர் ரக நாய்க்குட்டி விற்பனை பெருகுவது பற்றிய தங்கள் செய்தி, விலையைச் சொன்னது, வயதைச் சொல்லவில்லை. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள். இங்கோ 30, 35 நாள் குட்டிகள் பேருந்து நிலையத்தில் அட்டைப்பெட்டியோடு கைமாறுவதைக் காண்கிறோம். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசியின் பலன் முழுமையாகக் கிடைக்காத இடைவெளியில்தான் குட்டிகளின் குடலைப் பாதிக்கும் பார்வோ வைரஸ் எளிதாகத் தாக்குகிறது. கிருமி புகுந்து வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அதனால், வாங்கும்போது துள்ளிய குட்டி அந்த வாரமே சுருண்டுவிடுகிறது.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சாவளியைத்தான் காட்டும். உடல்நலத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. வளர்ப்பவர் இடத்துக்கே சென்று தாய் நாயையும், குட்டிகள் படுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு என்றால், இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடும் என்பதால், பெற்றோரின் இடுப்பு எலும்பு எக்ஸ்ரேயைக் கேட்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் வாங்கவே கூடாது. பதிவு பெற்ற வளர்ப்பாளர்களின் பட்டியலைக் கால்நடை பராமரிப்புத் துறை, மாவட்டத்தின் எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் ஒட்டி வைக்கலாம்.

– வாசகர், காட்பாடி