எங்கள் அப்பாவைச் சுமந்தவர்களுக்கு

தாண்டிக்குடி, பண்ணைக்காடு சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்கும், கீழே வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டியில் இருக்கும் அப்பாவின் சிநேகிதர்களுக்கும், மதுரையிலிருந்து மலையேறி வந்த சபையாருக்கும் எங்கள் வணக்கமும் தோத்திரமும்.

அப்பாவை அடக்கம் பண்ணி இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யார் யாரோ கையைப் பிடித்தீர்கள், அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அதனால் பிள்ளைகள் ஐந்து பேர் சார்பிலும் மூத்தவள் நான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலையில், காப்பி காயப்போடும் களத்தில் அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஜீப் வராது என்பது உங்களுக்குத் தெரியும். ரோட்டிலிருந்து அரை மைல் கீழே, வழியெல்லாம் படியும் சறுக்கலும்தான். நான் போன் பண்ணியது ஒரே ஒருவருக்கு. கால் மணி நேரத்தில் எட்டுப் பேர் வந்து நின்றீர்கள். நாற்காலியில் மூங்கில் கட்டி டோலியாக்கி, அப்பாவை உட்காரவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி ஏற்றினீர்கள். பாதி வழியில் வலி தாங்காமல் அவர் முனகியபோது, முன்னால் தூக்கிய தம்பி ஒருவர், "தாத்தா, இன்னும் நாலு வளைவுதான், பாட்டுப் பாடுங்க" என்றார். அப்பா பாடினார். நான் பின்னால் அழுதுகொண்டே வந்தேன்.

மேலே 108 வண்டி வருவதற்குள் குளிருமே என்று தன் ஜீப்பில் படுக்கவைத்துக் கம்பளி போர்த்திக் காத்திருந்த பாய்க்கு எப்படி நன்றி சொல்ல? அதற்கப்புறம் வத்தலக்குண்டுக்கும் மதுரைக்கும் எத்தனை தடவை போய்வந்தோம் என்ற கணக்கை அவரும் சொல்லவில்லை, என்னையும் கேட்க விடவில்லை. டீசல் காசு கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொண்டார், அதுவும் அப்பா கோபப்படுவார் என்பதற்காக.

அப்பாவை உங்களில் பலர் "வேதக்காரத் தாத்தா" என்றுதான் கூப்பிடுவீர்கள். அவர் 1930இல் பொறையாறு பக்கம் பிறந்தவர். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் கப்பலிலிருந்து இறங்கிய தரங்கம்பாடி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். லுத்தரன் சபைதான் வீடு, பள்ளிக்கூடம், உறவு எல்லாம். 1949இல், பத்தொன்பது வயதில், காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுத இந்த மலைக்கு வந்தார். கடற்கரையில் வளர்ந்தவருக்கு முதல் வருஷம் குளிரே தாங்கவில்லையாம். எந்தச் சரிவில் தண்ணீர் தேங்காது, எங்கே பனி இறங்காது என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர், இந்த மலையின் பழங்குடியான பளியர்களில் ஒரு பெரியவர். அவர் காட்டிய சரிவில்தான் 1958இல் மூன்று ஏக்கர் வாங்கினார். அந்தப் பெரியவரின் பேரனும் டோலி தூக்கியவர்களில் ஒருவர். அப்பாவுக்கு அது தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அந்த மூன்று ஏக்கரில் சில்வர் ஓக் நிழல், மரத்தில் மிளகுக் கொடி, கீழே காப்பி, ஊடே விருப்பாட்சி வாழை. மலைவாழைத் தார் குதிரை முதுகில் ஏறி, அப்புறம் லாரியில் மலை இறங்கும். அதில் ஒரு பங்கு பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும். "நம்ம பழம் போற இடத்துக்கு நல்ல பழமாப் போகணும்" என்று, அடிபட்ட சீப்பைத் தன் கையாலேயே அறுத்துத் தனியே வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்தில் கத்தி எடுக்க மாட்டார். காப்பிப் பழம் கனிந்து உதிர்ந்தாலும் சரி. சனிக்கிழமை சாயங்காலம் கூலி பாக்கி இல்லாமல் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

வாழையில் முடிக்கொத்து நோய் வந்த வருஷங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். இலை குட்டையாகி, நுனியில் கொத்தாக நின்றுவிடும், தார் தள்ளாது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி அழிக்கத்தான் வேண்டும். இந்த மலைச்சரிவு முழுக்க வாழை போனது. அப்பா தன் தோட்டத்தை ஒரே வாரத்தில் தோண்டி முடித்தார். பக்கத்துத் தோட்டத்துக்குப் பரவக் கூடாது என்பதுதான் அவசரம். அந்த வருஷம் எங்கள் ஐந்து பேருக்கும் பள்ளிக்கூட பீஸ் கட்ட வழியில்லை. பட்டிவீரன்பட்டியில் காப்பி வாங்கும் முதலாளி, பழமே இல்லாத செடியை நம்பி முன்பணம் கொடுத்தார். இன்று அவர் இல்லை. அவர் மகன் மாலையோடு வந்து, கடைசி வரைக்கும் நின்றார். உங்கள் அப்பா செய்ததை எங்கள் அப்பா ஒருநாளும் மறக்கவில்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது. விடிந்து பார்த்தால் சில்வர் ஓக் மரங்கள் காப்பிச் செடி மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. உங்கள் தோட்டங்களிலும் அதே கதி. அப்படி இருந்தும் உங்கள் மரத்தை அப்படியே போட்டுவிட்டு, மரம் அறுக்கும் மிஷினோடு எங்கள் வழியைத் திறக்க வந்தீர்களே!

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்துக்கு முன் ஞானோபதேசத்தில் ஒரு கேள்வியாவது ஒப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு ஆறிக்கொண்டே இருக்கும். மார்ட்டின் லுத்தர் 1529இல் வீட்டுத் தகப்பன்மாருக்காக எழுதிய சின்னப் புத்தகம் அது. கர்த்தருடைய ஜெபத்தில் ஆகாரம் கேட்கிறோமே, ஆகாரம் என்றால் என்ன என்று அதில் ஒரு கேள்வி வரும். பதிலில் சாப்பாடு, துணி, செருப்பு, வீடு, வயல், ஆடுமாடு, நல்ல மழை வெயில், நல்ல அரசு எல்லாம் வந்து, கடைசியில் உண்மையான சிநேகிதரும் நல்ல அயலாரும் வருவார்கள். சின்ன வயதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். "அயலார எப்படிப்பா சாப்பிடுறது?" என்று தம்பி கேட்டு ஒருதடவை குட்டு வாங்கினான்.

படுக்கையில் இருந்த இந்த இரண்டு வருஷமும் அந்த ஒரு பதிலைத்தான் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி இடத்துக்கு வரும்போது நிறுத்தி, உங்கள் பெயர்களைச் சொல்லுவார். தினமும் பதினொரு மணிக்குக் கம்பங்கஞ்சி கொண்டுவந்த மேல்வீட்டு அக்கா. பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்க மாதம் தவறாமல் படி இறங்கிய, மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி. பதினைந்து நாளுக்கு ஒருதரம் முகச்சவரம் பண்ணிவிட்டு, ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போகும் அண்ணன். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் ஐந்து பேருடைய பெயருக்கு முன்னால் உங்கள் பெயர் வரும்.

இந்த மலையில் எங்கள் லுத்தரன் சபைக்கு அருகில் தேவாலயம் இல்லை. நடமாட முடிந்தவரை மாதம் ஒருமுறை முதல் பஸ் பிடித்து மதுரைக்கு இறங்கி, திருவிருந்து எடுத்து, ராத்திரிக்குள் வீடு திரும்புவார். அறுப்பின் பண்டிகைக்கு முதல் தாரைத் தோளில் சுமந்து போவார். படுத்துவிட்ட பிறகு மதுரைச் சபையின் போதகர் ஐயரும் உபதேசியாரும் முறை வைத்துக்கொண்டு வந்து, கட்டிலருகே திருவிருந்து கொடுத்தீர்கள். பனிமூட்டத்தில் பஸ் நின்று, நடந்தே வந்த நாளும் உண்டு. மற்ற ஞாயிறுகளில் அப்பாவை இத்தனை வருஷமும் தங்கள் பெஞ்சில் ஒருவராக உட்காரவைத்துக்கொண்ட சி.எஸ்.ஐ. சபையார், கேட்பதற்கு முன்பே உங்கள் கல்லறைத் தோட்டத்தில், அம்மாவின் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிவைத்திருந்தீர்கள். அம்மா போனது 2011இல். பதின்மூன்று வருஷமாக அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்காமல் பார்த்துக்கொண்டீர்கள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

குழி வெட்டியது யார் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. மழை பெய்த மண்ணில் அவ்வளவு நேராக வெட்டியிருந்தீர்கள். ஆர்.சி. தெருப் பெண்கள் வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டீர்கள். ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்குக் கோவில் மைக்செட்டை நிறுத்திவைத்தீர்கள். இவற்றையெல்லாம் பேரன் பேத்திகள் பார்த்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் அவர்கள்.

இனி வீட்டுச் சமாச்சாரம். தோட்டத்தை விற்கப்போகிறோமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விற்கவில்லை. சின்னத் தம்பி வேலையை விட்டுவிட்டு வருகிறான். அவனுக்குக் கவாத்து வெட்டத் தெரியாது, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேற்குச் சரிவில் புதிதாக வைத்த வாழையில் நாலு தார் வெட்டுக்கு நிற்கிறது. முதல் தார் வழக்கம்போல மதுரைக்குப் போகும்.

அப்புறம், எங்கள் அடுக்களையில் உங்கள் தூக்குச்சட்டிகள் ஏழு இருக்கின்றன. கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். ஐந்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. நீல மூடி போட்டதும், பிடியில் சிவப்பு நூல் கட்டியதும் யாருடையது என்று தெரியவில்லை. காப்பி குடிக்க வாருங்கள், அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் வேதக்காரத் தாத்தாவின் மூத்த மகளும், தம்பி தங்கைகளும், பேரப்பிள்ளைகளும்