சந்தா கட்டுவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மா,

துறைச் சங்கத்தில் சேரலாமா, சந்தா தண்டமா என்று போனில் கேட்டாய். அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது யோசித்து எழுதுகிறேன்.

முதல் ஆறு வருடம் நான் பெயருக்குத்தான் உறுப்பினர். ஆய்விதழ் வரும், உறை பிரிக்காமலே அலமாரிக்குப் போகும். மாநாடு சனி ஞாயிறில் நடக்கும். உன்னை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஏழாவது வருடம், கட்டுரைகளை மதிப்பிட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். பயந்துகொண்டேதான் போனேன். குழுவில் இன்னும் நான்கு பெண்கள், எல்லோரும் வெவ்வேறு பல்கலைக்கழகம். என் துறையில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், வேலையைப் பற்றி அப்படி மனம்விட்டுப் பேசியதே அதுதான் முதல் தடவை. அதில் ஒருத்தி என்னுடைய பாடத்தையே வேறு மாதிரி நடத்திக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பியதும் அந்த செமஸ்டர் பாடக்குறிப்பு முழுவதையும் மாற்றி எழுதினேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே ஆசையாக இருந்தது.

இந்த ஆசைக்குத்தான் பணி ஈடுபாடு என்று பெயர். அதை அளக்க உளவியலாளர்கள் ஷௌஃபெலியும் பாக்கரும் உருவாக்கிய உட்ரெக்ட் அளவுகோலில் 17 கேள்விகள். உற்சாகம், அர்ப்பணிப்பு, நேரம் போவது தெரியாமல் மூழ்கிப்போவது, மூன்றையும் அளப்பார்கள். ஒருபோதும் இல்லை என்றால் 0, தினமும் என்றால் 6. ஆனால் சங்கத்தில் இருப்பவர்களுக்கு மதிப்பெண் கூடுதலாக இருந்தாலும், சங்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஈடுபாடு உள்ளவள்தானே முதலில் தேடிப்போய்ச் சேர்வாள்?

சர்வதேசப் பல்கலைக்கழகப் பெண்கள் கூட்டமைப்பை 1919-ல் தொடங்கியவர்களும் இப்படிப்பட்ட பழக்கத்தைத்தான் நம்பினார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பல நாட்டுப் படித்த பெண்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு நட்பானால் இன்னொரு போர் வராமல் இருக்க உதவும் என்று கூடினார்கள்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை உன்னிடம் நீட்டுவார்கள். மாநாடு என்றால் விருந்தினர் வரவேற்பும் உன் தலையில்தான். எனக்கு இரண்டு வருடம் அதிலேயே போனது, களைப்புதான் மிச்சம். ஒரு தடவை செய், அடுத்த தடவை பதிப்புக் குழுவில் இடம் கேள். வாய் திறந்து கேட்க வேண்டும், தானாகத் தரமாட்டார்கள்.

ஒரு வேலையாவது எடுத்துச் செய்வாய் என்றால் சந்தாவைக் கட்டு. இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பல சங்கங்களில் சலுகை உண்டு, விசாரி.

பிரிக்காத அந்த இதழ்கள் மூன்று பெட்டி இன்னும் இங்கேதான் கிடக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு வரும்போது உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா