தோட்டத்துத் திடலுக்கும் ஒரு கல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலாங்கூரின் ஷா ஆலம் விளையாட்டரங்கம் இடிபட்டதைப் பற்றி இன்னும் வருத்தப்பட்டுப் பேசுகிறார்கள். 1994-ல் திறந்து 80,000 பேர் உட்காரக் கட்டியது இத்தனை சீக்கிரம் கல்லும் கம்பியுமாகிவிட்டதே என்பது நியாயமான வருத்தம்தான். ஆனால் அதற்காவது படம் இருக்கிறது, பத்திரிகைச் செய்தி இருக்கிறது. ரப்பர் தோட்டத்துக் கால்பந்துத் திடல்களுக்கு என்ன இருக்கிறது?

இதை எழுதத் தூண்டியது பேஸ்பால். மகளைப் பார்க்க அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் போயிருந்தபோது, மருமகன் என்னை ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். கண்ணாடிக்கு அடியில் ஐந்து மூலை உள்ள வெள்ளைப் பலகை ஒன்று. பந்தடிப்பவர் பக்கத்தில் தரையில் கிடக்கும் 'ஹோம் பிளேட்' அதுதான். சுற்றி ஓடி வருபவர் அதைத் தொட்டால்தான் ஓட்டம் கணக்கில் சேரும். அதை ரப்பரில் செய்வார்கள் என்றார். காலமெல்லாம் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதிய கிராணி நான், சும்மா இருக்க முடியுமா? எந்தத் தோட்டத்துப் பாலோ என்றேன். மருமகனுக்குப் புரியவில்லை.

அந்த இடத்தில் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் என்ற மைதானம் 1909 முதல் 1970 வரை இருந்தது. வெளிச் செங்கல் சுவரில் ஒரு துண்டை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1960 அக்டோபர் 13-ல், 'உலகத் தொடர்' என்கிற அமெரிக்க பேஸ்பால் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், பில் மாசரோஸ்கி அடித்த பந்து மைதானச் சுவரைத் தாண்டிப் போக, நியூயார்க் யாங்கீஸ் 10-9 என்று தோற்றது. ஆண்டுதோறும் அதே தேதியில் ரசிகர்கள் அந்தச் சுவரடியில் கூடி, அன்றைய வானொலி வர்ணனையைப் போட்டுக் கேட்கிறார்கள். 1985-ல் ஒரே ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்து டேப் போட்டுக் கேட்டதில் ஆரம்பித்த வழக்கமாம். டெட்ராயிட்டிலோ டைகர் ஸ்டேடியத்தை 2009-ல் இடித்து முடித்தபின், மண்டிய களையை ரசிகர்களே இயந்திரம் கொண்டுபோய் வெட்டி மைதானத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்டை 1960-ல் இடித்தபோது, இடிக்கிற இரும்புக் குண்டுக்கே பேஸ்பால் மாதிரி வர்ணம் பூசினார்களாம். எழவு வீட்டில் வேடிக்கை!

சரி, நம் கதைக்கு வருவோம். எங்கள் திடல், காலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவில் இருந்தது. கோயில் பக்கம் தரை சரிவு. மழைக் காலத்தில் அந்தக் கோல் முன்னால் கணுக்கால் வரை சேறு நிற்கும், அதனால் காசு சுண்டும்போதே பாதிச் சண்டை வந்துவிடும். தீபாவளியை ஒட்டித் தோட்டங்களுக்குள் கிண்ணப் போட்டி நடக்கும். எதிரணி ஆதரவாளர்கள் லோரியில் கூச்சல் போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள், லோரி முழுக்க ஒட்டுப்பால், அதாவது காய்ந்து உறைந்த ரப்பர் பால், நாற்றம் அடிக்கும். ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது. கோல் காவலுக்கு நிற்கிற பையன்களுக்கெல்லாம் மலேசிய அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆகிவிட வேண்டும் என்று ஆசை. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட அந்த மனிதர் 1988 டிசம்பரில் கார் விபத்தில் போனபோது, அந்த வாரம் எங்கள் திடலில் பந்து உருளவில்லை.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. கோயிலுக்கு மாற்று இடம் கேட்டு அலைந்து வாங்கினோம். திடலைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இப்போது அங்கே பேரங்காடியின் கார் நிறுத்துமிடம்.

சிகாகோவில் பழைய கோமிஸ்கி பார்க் இருந்த இடமும் இன்று கார் நிறுத்துமிடம்தான். ஆனால் ஹோம் பிளேட் இருந்த இடத்தைத் தரையில் கல் பதித்துக் காட்டுகிறார்கள். நகராண்மைக் கழகத்திடம் நாங்கள் கேட்பதும் அவ்வளவே. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்துக்குச் செய்ததுபோல் பெரிய செலவு செய்து புதுப்பிக்கச் சொல்லவில்லை. கோல் கம்பங்கள் நின்ற இரண்டு இடத்திலும் தோட்டத்தின் பெயர் பொறித்த கல்லைத் தரையோடு தரையாகப் பதிக்க அனுமதி கொடுங்கள். பணத்தை நாங்களே திரட்டிக்கொள்வோம். இடத்தைச் சரியாகக் காட்டப் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் முழங்கால் மடங்காது, அவரை என் மோட்டார் சைக்கிளில் நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்