மருத்துவர் பார்க்காத பூனைக்கு மருத்துவர் கட்டணம்

அனுப்புநர்:
கொப்பரைக் களம் நடத்தும் வாடிக்கையாளர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
செல்லப்பிராணி மருத்துவமனை நிறுவனம்,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனையின் மேல் ஊற்றியதும், மருத்துவர் பார்க்காமலேயே ஆலோசனைக் கட்டணம் வாங்கியதும் குறித்து.

ஐயா,

வணக்கம். சித்திரை மாதத்து மூன்றாம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் பூனை மயிலையைக் கூடையில் வைத்துத் தங்கள் கிளைக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் காங்கேயம் பசுவின் நிறம் அதற்கு, அதனால் என் பேத்தி வைத்த பெயர் அது. வயது இரண்டு, எடை மூன்று கிலோ. கழுத்தோரம் தெள்ளுப்பூச்சி ஏறி, சொறிந்து சொறிந்து ஓரிடம் புண்ணாகியிருந்தது. அதைத் தவிர வேறு எந்த நோயும் இல்லாத பூனை.

மயிலை எங்களுக்கு அழகுக்கு வளர்க்கும் பூனை மட்டுமல்ல. கொப்பரைக் களத்தில் எலித் தொல்லை எவ்வளவு என்பது இந்தப் பக்கத்தில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். காய்ந்த பருப்பை மூட்டை மூட்டையாகக் கடித்துக் குதறிவிடும். பேத்தி ஓடியாடுகிற இடத்தில் எலி மருந்து வைக்கக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் பூனை வளர்க்கிறோம். வீட்டுக்குள் விஷமே வேண்டாம் என்று நினைத்த எங்களுக்கு, அந்த விஷம் தங்கள் மருத்துவமனையின் மேசையில் வைத்துக் கொடுக்கப்பட்டது.

அன்று மருத்துவர் விடுப்பில் இருந்தார். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயர் போட்ட நீலச் சட்டையில் ஒரு பையன் வந்து கூடையைத் திறந்து பார்த்தான். எடை போடவில்லை, வயதைக் கேட்கவில்லை, கழுத்துப் புண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. "பூச்சிதான் அம்மா, சொட்டு மருந்து போட்டால் போய்விடும்" என்றான். அலமாரியில் இருந்த பெட்டியிலிருந்து ஒரே ஒரு குப்பியை மட்டும் உருவி எடுத்து, அதன் முனையைக் கத்தரித்தான். "இது நாய் மருந்து மாதிரி இருக்கிறதே தம்பி?" என்று நான் கேட்டேன். கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது: "நாய்க்கும் பூனைக்கும் இதுதான் அம்மா. பூனை சின்னது, பாதி ஊற்றினால் போதும்." பாதியை மயிலையின் பிடரியில் ஊற்றினான். மீதிப் பாதியை மூடி, அடுத்த மாதம் போடச் சொல்லி என் கையில் கொடுத்தான்.

ரசீதில் இரண்டு வரிகள் இருந்தன. மருந்து 280 ரூபாய். மருத்துவர் ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய். இரண்டையும் கட்டிவிட்டு வந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு மயிலையின் காதுகள் துடிக்க ஆரம்பித்தன. ஈ மொய்க்கிறது என்று நினைத்தேன். ஆறரைக்குள் வாயில் எச்சில் வடிந்தது, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன, முதுகுத் தோல் அலை அலையாக நடுங்கியது. எலி மருந்து எங்கேயாவது தின்றுவிட்டதோ, மூலனூர்ப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்துத் தோட்டத்தில் போட்டிருக்கிறார்களே அந்தக் கண்வலிக்கிழங்கைக் கடித்துவிட்டதோ என்றெல்லாம்தான் என் மனம் போனது. தங்கள் மருந்தை நான் சந்தேகிக்கவே இல்லை.

ஏழேகாலுக்குத் தங்கள் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண், "மருந்து உடம்பில் பிடிக்கும்போது அப்படித்தான் சோர்வாக இருக்கும், கொஞ்சம் பால் ஊற்றுங்கள், திங்கட்கிழமைக்கு டோக்கன் போட்டு வைக்கிறேன்" என்றார். தலை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த பூனையின் வாயில் பால் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் பால் நுரையீரலுக்குள் போய் அப்போதே முடிந்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆளைக் கொல்லக்கூடிய ஆலோசனையை அவ்வளவு கனிவான குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் மாடுகளைப் பார்க்க வரும் அரசு கால்நடை உதவி மருத்துவரை அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "அக்கா, இன்று அதன் மேல் என்ன போட்டீர்கள்?" என்பதுதான். குப்பியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "உடனே பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிடரியை நுரை வரக் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். பச்சைத் தண்ணீரும் வேண்டாம், நடுக்கம் கூடும். கழுவியதும் துடைத்து, துணியில் சுற்றிக் கதகதப்பாக வையுங்கள். அது தன்னை நக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கிளம்பிவிட்டேன்" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு தடவை கழுவினோம். என் பழைய பருத்திச் சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அவர் வந்து சேருவதற்குள் ஒரு முறை வலிப்பு வந்துவிட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. பேத்தி அந்த அறையை விட்டு ஓடிப்போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள்.

நடுக்கத்தை அடக்க ஊசி, நரம்பில் மருந்து நீர், இரண்டு இரவும் ஒரு பகலும் கண்காணிப்பு. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது, உடம்பு அதைத் தானாக வெளியேற்றும்வரை வலிப்பு வராமல் காப்பதுதான் சிகிச்சை என்று அவர் விளக்கினார். திங்கட்கிழமை மாலை மயிலை நெத்திலிக் கருவாட்டை முகர்ந்து நாக்கை நீட்டியது. தாங்கள் டோக்கன் தருவதாகச் சொன்ன அதே திங்கட்கிழமை.

என்ன நடந்தது என்று அந்த மருத்துவர்தான் பொறுமையாகச் சொன்னார். அதைத் தங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் தங்கள் கிளையில் இருக்கும் ஒருவருக்கும் இது தெரியவில்லை. அந்தக் குப்பியில் இருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாயின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் துடிக்க வைக்கிறது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடுவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். போதாக்குறைக்குப் பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிக்கொள்ளும் பிராணி. தோலில் ஊற்றியது வயிற்றுக்கும் போகும். உருவத்தைப் பார்த்து அளவைப் பாதியாக்கினால் போதும் என்று நினைப்பதற்கு இங்கே இடமே இல்லை.

செவ்வாய்க்கிழமை தங்கள் கிளைக்கு மறுபடி வந்தேன். சண்டை போட வரவில்லை, அந்தப் பெட்டியைப் பார்க்க வந்தேன். பெர்மெத்ரின் நூற்றுக்கு 45 பங்கு என்று அச்சிட்டிருந்தது. மனிதருக்குச் சிரங்குக்குத் தரும் களிம்பில் அது நூற்றுக்கு 5 பங்குதான். ஒரு மில்லி குப்பியில் பாதி என்றால் 225 மில்லிகிராம். மூன்று கிலோ மயிலைக்குக் கிலோவுக்கு 75 மில்லிகிராம். பெட்டியின் பக்கவாட்டில் பூனைத் தலை ஒன்றை வரைந்து அதன் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் படம் அது. பெட்டியை உடைத்துக் குப்பியைச் சில்லறையாக விற்றதால் அந்தப் படம் என் கண்ணில் படவே இல்லை.

நாங்கள் பருத்திக்கு, பெர்மெத்ரினின் இனத்தைச் சேர்ந்த சைபர்மெத்ரின் அடித்த குடும்பம். மாட்டு உண்ணிக்கும் அதே வகை மருந்தைத்தான் கரைத்துத் தெளிக்கிறோம். அளவு மூடியால் அளந்து, வாயில் துணி கட்டி, மருந்து அடித்த அன்று பூனையைக் கொட்டகைப் பக்கமே விடாமல் கட்டிப் போடுவோம். உரக்கடையில் மருந்து வாங்கினால்கூட எதற்கு, எத்தனை ஏக்கருக்கு என்று கடைக்காரர் இரண்டு கேள்வியாவது கேட்பார். தங்கள் மருத்துவமனையில் ஒரு கேள்விகூட இல்லை.

கிளை மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில், பெட்டியில் எச்சரிக்கை இருக்கிறதே என்றார். பெட்டியை எனக்குக் கொடுக்கவில்லை என்றதும், அடுத்த முறை வரும்போது கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அந்தப் பையனை வேலையை விட்டு நிறுத்திவிடுகிறோம் என்றும் சொன்னார். அந்தப் பையனை நிறுத்த வேண்டாம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. மயிலையைப் பிடித்த கை மென்மையான கைதான். பூனைக்கும் நாய்க்கும் என்ன வேறுபாடு என்று சொல்லிக் கொடுக்காமல், மருத்துவர் இல்லாத நாளில் மேசைக்குப் பின்னால் தனியாக நிற்க வைத்தது தாங்கள். அவன் போய்விட்டால் அந்த இடத்தில் இன்னொரு பையன் நிற்பான், அவனும் பாதி ஊற்றுவான்.

பையனுக்குத் தெரியாத இன்னொன்றும் அங்கே கண்டேன். பூனையைக் கிடத்தும் மேசையையும் தரையையும் கருப்பு ஃபினாயில் போட்டுத்தான் துடைக்கிறார்கள். பூனை உள்ள வீட்டில் அந்த ஃபினாயிலைப் பயன்படுத்தாதீர்கள், பாதத்தில் ஒட்டினால் நக்கிவிடும் என்று அரசு மருத்துவர் எங்களை எச்சரித்திருக்கிறார். அதையும் பார்த்து மாற்றுங்கள்.

ஐயா, என்னைத் தூங்கவிடாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பெட்டி நான்கு குப்பிகள் கொண்டது. நான் பார்த்தபோது மூன்று குழிகள் காலியாக இருந்தன. ஒன்று மயிலைக்குப் போனது. மற்ற இரண்டும் எந்த வீட்டுக்குப் போயின? நாய்க்கென்று வாங்கிப் போயிருந்தாலும், அந்த வீட்டில் நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனை இருந்தால் அதற்கும் ஆபத்துதான். இரவில் பூனை நடுங்கிச் செத்துப்போயிருந்தால், எலி மருந்து தின்றுவிட்டது என்று நினைத்துத் தென்னை மரத்தடியில் புதைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தங்கள் கிளையில் ரசீது போடும்போது ஒவ்வொருவரிடமும் கைபேசி எண் வாங்குகிறீர்கள். கடந்த ஆறு மாதங்களில் இந்தச் சொட்டு மருந்து வாங்கிய எல்லோரையும் அழைத்து, வீட்டில் பூனை இருக்கிறதா, மீதிக் குப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தப் புகாரில் நான் முதலாவதாகக் கேட்பது இதைத்தான். பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பணம் என்றால், மருத்துவர் பார்க்காத அன்று வாங்கிய ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாயையும், மருந்தின் விலை 280 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். வெளியில் வாங்கிய ஊசி மருந்துக்கும் மருந்து நீருக்கும் ஆன 1,640 ரூபாயும் தங்கள் பொறுப்பு. தள்ளுபடிச் சீட்டு வேண்டாம். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் மருத்துவம் பார்க்க முடியும் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு எப்படி மருத்துவர் விடுப்பில் இருந்த நாளின் ரசீதில் அந்த வரி அச்சானது? கணினியில் தானாக வந்துவிடுகிறது என்று மேலாளர் சொன்னார். அப்படியானால் மருத்துவர் இல்லாத எல்லா நாட்களிலும் எல்லோரிடமும் அது வாங்கப்பட்டிருக்கிறது. அவர்களுக்கும் திருப்பிக் கொடுங்கள்.

மருத்துவர் வராத நாளில் அதை வாசலிலேயே தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். பூச்சி மருந்துகளைப் பெட்டியோடு மட்டும் விற்க வேண்டும். நாய்க்கானதும் பூனைக்கானதும் வேறு வேறு அலமாரியில் இருக்க வேண்டும். இரவில் தொலைபேசி எடுப்பவர், நடுக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்று யாராவது சொன்னால் டோக்கன் பேச்சை விட்டுவிட்டு ஒரு மருத்துவரிடம் இணைப்பைக் கொடுக்கட்டும். அதற்கு வழியில்லை என்றால் அரசின் கால்நடை அவசர ஊர்தி எண் 1962 என்றாவது சொல்லட்டும்.

ரசீதின் நகல், குப்பியின் படம், சிகிச்சைச் சீட்டு ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். குப்பியில் மீதமுள்ள பாதி மருந்து என்னிடம் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. தங்கள் மருத்துவர் நேரில் வந்து கேட்டால் காட்டுவேன், கொடுக்க மாட்டேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில், தமிழில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மயிலை நேற்று முதல் களத்துக்கு மீண்டும் போகிறது. பிடரியில் மட்டும் யாரையும் தொட விடுவதில்லை. பேத்தி கையை நீட்டினாலும் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுகிறது. அந்த இரண்டு குப்பிகளும் போன வீடுகளுக்கு இன்றைக்கே தொலைபேசி செய்யுங்கள்.

இப்படிக்கு,
மயிலையின் வீட்டார் சார்பில்,
தங்கள் வாடிக்கையாளர்.